கையின் குறையோ, பழக்கத்தின் குறையோ?

கோபுரத்தைக் கண்டு வியப்போர் பலர். அதனைத் தாங்கும் அடிக்கல்லை நினைப்போர் சிலர். இசைக்குழுவில் பேஸ் கிட்டாரின் நிலையும் இதுவே. பாடற்குழுக்கள் பலவற்றில், கிட்டார் வாசிக்க இயலாதவன் எவனோ அவன் கையிலே, “நான்கு தந்திதானே” என்று சொல்லி இவ்வாத்தியம் கொடுக்கப்படுகின்றது. அவனும் சில வாரம் முயல்கின்றான். விரல் நோகின்றது, ஒலி கரகரக்கின்றது. பின்பு, “என் விரல்கள் குட்டை, இக்கருவி எனக்கு வாய்க்காது” என்று கைவிடுகின்றான். இத்தீர்ப்பு பெரும்பாலும் தவறானது என்பதும், குறை கையிலன்று, முதல் மாதத்திலே படியும் பழக்கத்திலே உள்ளது என்பதுமே யான் ஈண்டு வற்புறுத்தக் கருதுவன.

முதற்கண் கருவியின் அளவை நோக்குவோம். 1930-களிலேயே அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பால் டுட்மார்க் என்பவர் மெட்டுகளுடைய மின் பேஸ் ஒன்றைச் செய்தாரெனினும், அதனை உலகறியச் செய்தது 1951-இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட ‘பிரிசிஷன்’ என்னும் கருவியே. வீணையிற் போலக் குறுக்கே பதித்த மெட்டுகளால் சுரம் பிசகாது நிற்குமாதலின் அப்பெயர் பெற்றது. அதன் தந்தி ஒலிக்கும் நீளம் 34 அங்குலம். அந்நிறுவனத்தாரின் கிட்டாருக்கோ 25½ அங்குலமே. ஆதலின் பேஸில் முதல் மெட்டிற்கும் நான்காம் மெட்டிற்கும் இடையே 5 அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட தூரம் உண்டு. கிட்டாரில் அது 4 அங்குலத்திற்குள் அடங்கும். “விரலுக்கொரு மெட்டு” என்னும் விதியை முதல் நாளே முதல் மெட்டில் வைத்துக் கற்பிப்பது, நடை பயிலும் குழந்தையை மதிலேறச் சொல்வதை ஒக்கும். ஐந்தாம் மெட்டிற்கும் எட்டாம் மெட்டிற்கும் இடையே ஏறக்குறைய 4 அங்குலமே ஆதலின், பயிற்சியை ஆங்குத் தொடங்கி மெல்லக் கீழிறங்குதல் தகும். வியன்னாவில் பெரிய பேஸ் வாத்தியத்தைக் கற்பித்த ஃபிரான்ஸ் சிமாண்டில் (1840–1912) வகுத்த முறையில், மோதிர விரலும் சிறு விரலும் துணையாகச் சேர்ந்து ஒரே சுரத்தை அழுத்தும். சிறிய கையினர்க்கு அம்முறை இன்றும் பெருந்துணையாம்.

இரண்டாவது, அழுத்தம். பழகுநர் இரு மெட்டுகளின் நடுவே விரலை வைக்கின்றனர். ஒலி கரகரத்தவுடன் இன்னும் வலிந்து அழுத்துகின்றனர், கட்டைவிரல் கழுத்தைப் பின்னின்று நெரிக்கின்றது, கை சோர்கின்றது. விரலை முன்னுள்ள மெட்டை ஒட்டி வைத்தால் பாதி வலிமையே போதும். அழுத்தத்தைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, ஒலி கெடும் இடத்தைக் கண்டு, அதற்குச் சற்றே மேலாக அழுத்திப் பார்க்க. எத்துணை வலிமையை வீணாக்கினோம் என்பது தெளிவாம்.

மூன்றாவது, வலக்கை. சுட்டுவிரலும் நடுவிரலும் மாறிமாறி மீட்டும்போது ஒன்றன் ஒலி ஓங்கியும் மற்றொன்றன் ஒலி தாழ்ந்தும் நிற்கும். ஒலிபெருக்கியின்றிப் பழகுவோர் கருவியின் ஒலி மெலிந்திருத்தலால் தந்தியைப் பறித்திழுக்கின்றனர். தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறையே அதிர்வது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி அதனைச் செவ்வனே தரமாட்டாது. கருவியின் குறையைத் தம் குறையெனக் கொண்டு வலிந்து மீட்டுதல் அறியாமையாம். ஓசையைப் பெருக்குவது பொறியின் வேலை; அதனைச் சமன்செய்வதே விரலின் வேலை.

நான்காவது, அடக்கம். ஒரு தந்தியை மீட்டுங்கால் ஏனையவும் உடன் அதிரும். வலக்கைக் கட்டைவிரலைத் தடித்த தந்திகளின்மேற் சார்த்தியும், இடக்கை விரல்களை மற்றவற்றின்மேல் மெல்லப் படியவிட்டும் அவற்றை ஓயச் செய்தல் வேண்டும். இதனைக் கற்பிப்பார் அரியர். குழுப்பாட்டு கலங்குவதற்கு இக்குறையே பெருங்காரணம் என்பேன்.

“டெட்ராய்டில் ஜேம்ஸ் ஜேமர்சன் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினாரே, கேரல் கே அம்மையார் பிளெக்ட்ரத்தால் வாசித்தாரே, முறை எதற்கு?” என்பார் உளர். நன்று. ஜேமர்சன் முன்னரே பெரிய பேஸ் வாத்தியத்தில் நெடுநாட் பயின்றவர். அவ்வொரு விரல் பயிற்சியின் கனியேயன்றிப் பயிற்சிக்கு மாற்றன்று. ஒன்று ஒப்புவேன்: முறைகள் பல. ஆயின் நோவின்றியும் சமனாகவும் ஒலித்தல் எம்முறைக்கும் பொது.

இதனை யான் நூலறிவால் மட்டும் எழுதவில்லை. தொடக்கத்தில் தோற்றத்தின்பொருட்டுத் தோள்வாரைத் தாழ்த்திக் கட்டினேன். மணிக்கட்டு வளைந்து, எழுதுகோல் பிடிக்கவும் இயலாவண்ணம் முன்கை நொந்தது. உட்கார்ந்து வாசிக்குங்கால் கருவி எவ்வுயரத்தில் நிற்குமோ, நின்று வாசிக்குங்காலும் அவ்வுயரத்தில் நிற்க வேண்டும் என ஓர் அண்ணன் திருத்தினார். சில நாள் ஓய்வளித்தபின் நோவும் நீங்கிற்று. என்னோடு தொடங்கிய நண்பன் ஒருவனுக்கு அத்தகைய அண்ணன் வாய்த்திலன். “உன் கை சிறிது” என்று குழுவினர் முன்னே சொல்லப்பட்டது. அவன் வாத்தியத்தை வைத்துவிட்டுப் போனான். அன்று யானும் தலையசைத்தேன். அவ்வசைப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

பாடற்குழுக்களை நடத்துவோர்க்கு ஒரு விண்ணப்பம். எஞ்சியவனுக்கு இக்கருவியைத் தள்ளாதீர்கள். கொடுத்தவனைச் சில வாரத்தில் தீர்ப்பிடாதீர்கள். மெட்ரோனோமை நிமிடத்திற்கு 60 எனத் தாழ்த்தி, நாடோறும் பதினைந்து நிமிடம், மூன்று திங்கள் பழகவிடுங்கள். நோவு கண்டால் நிறுத்திக் கையின் நிலையைத் திருத்துங்கள். சரீரத்தில் பலவீனமாய்த் தோன்றும் அவயவங்களே மிகவும் வேண்டப்படுவன என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியர்க்கு உணர்த்தியது சபைக்கு மட்டுமன்று, அதன் பாடற்குழுவிற்கும் பொருந்தும்.

என் நண்பனிடம் சென்ற வாரம் மன்னிப்புக் கேட்டேன். ஐந்தாம் மெட்டிலிருந்து தொடங்கிப் பார்ப்போமா என்றும் கேட்டேன். சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கின்றான்.