ஒரு ஈ போதும், கொக்கு கூட்டை விட்டுப் போக!

'கிட்டப் போய் ஒரு போட்டோ எடுத்தா என்ன ஆகிடப் போகுது?' பறவை பார்க்கப் போகும் பலரும் கேட்பதுதான். இதற்கான பதில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் நெசீடா தேசிய வனவிலங்குக் காப்பகத்தில் கிடைக்கிறது.

நெசீடாவில் என்ன விசேஷம்?

பனியுகத்தின் முடிவில் இந்தப் பகுதி ஒரு பிரம்மாண்ட ஏரி. அன்று தீவுகளாக நின்ற மணற்பாறைக் குன்றுகள், இன்று சமவெளியில் செங்குத்தாக நிற்கின்றன. சுற்றிலும் சதுப்பு. தண்ணீரை வடித்து விவசாயம் செய்து பார்த்தார்கள், எடுபடவில்லை. 1939-ல் காப்பகம் உருவானது.

யாருக்காக இவ்வளவு பாதுகாப்பு?

முக்கியமாக ஹூப்பிங் கொக்குக்காக. சுமார் 5 அடி உயரம். வட அமெரிக்காவின் உயரமான பறவை. 1941-ல் காட்டில் மிஞ்சியவை சுமார் 20 மட்டுமே. மனிதர்கள் வளர்த்த குஞ்சுகளுக்கு வலசைப் பாதை தெரியாதே! அதனால் 2001-ல் குட்டி விமானங்கள் முன்னால் பறந்து, நெசீடாவிலிருந்து ஃபுளோரிடா வரை சுமார் 1,900 கி.மீ. அழைத்துச் சென்றன. மனித முகம் பழகிவிடக் கூடாது என்று வளர்த்தவர்கள் வெள்ளை அங்கியால் முகத்தையும் மூடிக்கொண்டார்கள்.

அப்புறம் என்ன சிக்கல்?

குஞ்சுகள் வளர்ந்தன, கூடு கட்டின, முட்டையும் இட்டன. ஆனால் பல ஜோடிகள் பாதியிலேயே கூட்டைக் கைவிட்டன. முக்கியக் காரணம், ரத்தம் குடிக்கும் பிளாக் ஃபிளை என்ற சின்ன ஈ. கடி தாங்காமல் கொக்குகள் எழுந்து போய்விட்டன.

யோசித்துப் பாருங்கள். ஒரு ஈயே அடைகாக்கும் கொக்கை விரட்டிவிடும் என்றால், கேமராவோடு நெருங்கும் 10 பேர்? தலைக்கு மேல் பறக்கும் ட்ரோன்? அங்கே ட்ரோனுக்குத் தடை இருப்பது சும்மா இல்லை.

அப்போ பார்க்கவே கூடாதா?

தாராளமாகப் பார்க்கலாம். நல்ல போட்டோ ஒன்று ஆயிரம் பேருக்குப் பறவை மேல் பிரியம் வர வைக்கும். ஆனால் பைனாகுலரோடு தூரத்தில் நில்லுங்கள். பறவை தலை தூக்கி உங்களையே பார்த்தால், பின்வாங்குங்கள். கூட்டின் லொகேஷனை ஷேர் பண்ணாதீர்கள். பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டே ஆபத்திலிருக்கும் சில பறவைகளின் சரியான இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது.

நம் கேலரியில் ஒரு படம் குறைந்தால் நஷ்டமில்லை. அந்தக் கூட்டில் ஒரு முட்டை குறைந்தால், பல ஆண்டு உழைப்பே வீண்.