பழைய கடதாசி அடுக்கவும் ஒரு பயிற்சியா, சேர்?

போன கிழமை ஸ்டாஃப் ரூமில் நடந்த கதை இது. லண்டனில் இளம் கறுப்பினப் பெண்களுக்குத் தங்கள் சமூகத்தின் ஆவணங்களைச் சேகரிக்கவும், பட்டியல் போடவும், கண்காட்சியாக வைக்கவும் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று ஒரு செய்தியைப் போனில் வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்த சேர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பழைய கடதாசி அடுக்கவும் ஒரு பயிற்சியா டீச்சர்? அந்தக் காசுக்கு அந்தப் பிள்ளைகளுக்கு நேர்ஸிங் படிப்பிச்சிருக்கலாமே?"

நாலு பேர் சிரித்தார்கள். நான் வாய் திறக்க முன் பெல் அடித்துவிட்டது. சொல்லாத பதில் ஒரு கிழமையாக உள்ளுக்குள் கிடந்து குடைகிறது. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நேர்ஸிங்கில் இருந்தே தொடங்குவோம் சேர். 1948 ஜூனில் எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பல் கரீபியன் தீவுகளின் ஆட்களை ஏற்றிக்கொண்டு டில்பரித் துறைமுகத்துக்கு வந்தது. அதற்குப் பின் வந்தவர்களையும் சேர்த்துத்தான் விண்ட்ரஷ் தலைமுறை என்கிறார்கள். யுத்தத்தில் நொந்துபோயிருந்த பிரித்தானியாவின் ஆஸ்பத்திரிகளில் நேர்ஸாக நின்றவர்களும், பஸ் ஓட்டியவர்களும், ரயிலில் வேலை பார்த்தவர்களும் அவர்களில் ஏராளம். இன்று இந்தப் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளில் எத்தனையோ பேருடைய பாட்டிமார் நீங்கள் சொன்ன வேலையைத்தான் செய்தார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா?

1973க்கு முன் வந்து குடியேறியவர்களுக்கு அங்கே வாழும் உரிமையைச் சட்டம் கொடுத்திருந்தது. ஆனால் அதை நிரூபிக்க ஒரு துண்டை அரசு அவர்கள் கையில் கொடுக்கவில்லை. பலர் சின்ன வயதில் தாய் தகப்பனின் பாஸ்போர்ட்டில் வந்தவர்கள். 2012க்குப் பிறகு அரசு சட்டத்தை இறுக்கியபோது வேலை கொடுப்பவர், வீடு கொடுப்பவர், ஆஸ்பத்திரி என்று எல்லோரும் கடதாசி கேட்கத் தொடங்கினார்கள். நாற்பது, ஐம்பது வருடம் அங்கே உழைத்து வரி கட்டிய மனிதர்களிடம், வருடத்துக்கு வருடம் இங்கேதான் இருந்தாய் என்பதற்கு ஆதாரம் கொண்டு வா என்றார்கள். வேலை போனது, வீடு போனது, சிகிச்சை மறுக்கப்பட்டது. சிலரைத் தடுத்து வைத்தார்கள், சிலரை நாடு கடத்தியே விட்டார்கள். 2018 ஏப்ரலில் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. அவர்கள் வந்திறங்கியபோது எழுதப்பட்ட வருகை அட்டைகளை உள்துறை அமைச்சு 2010இலேயே அழித்துவிட்டிருந்தது! தொடர்ந்து வசித்ததற்கு அந்த அட்டைகள் சான்றாகாது என்று அமைச்சு விளக்கம் சொன்னது. இருக்கலாம். ஆனால் ஒரு மனிதன் எந்தத் திகதியில் வந்தான் என்று சொல்ல இருந்த எழுத்தையும் அல்லவா அழித்தார்கள்?

பழைய கடதாசி என்று நீங்கள் சிரித்தது இதைத்தான்.

அடுத்தது, பயிற்சி எதற்கு என்ற கேள்வி. அலுமாரியில் அடுக்கிப் பூட்டி வைத்தால் போதாதா? போதாது. டொரதி போர்ட்டர் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். 1930இல் அமெரிக்காவின் வொஷிங்டனில் உள்ள ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பினத்தவர் பற்றிய நூல் தொகுப்பைக் கட்டியெழுப்பும் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 25. அந்தக் காலத்து நூலகங்களில் டூயி எண் முறைதான். கறுப்பினத்தவர் எழுதிய நூல் என்றால் 325 அல்லது 326 என்ற எண்ணைக் குத்திவிடுவார்கள். 325 குடியேற்றம், 326 அடிமைத்தனம். எழுதியவர் கறுப்பர் என்றால் கவிதை நூலுக்கும் அதே தட்டுத்தான். கவிதைக்குள் நிலவு இருக்கலாம், காதல் இருக்கலாம். நூலகத்தின் கண்ணில் அது அடிமைத்தனம்!

டொரதி அந்த எண்களை ஏற்க மறுத்தார். கவிதையைக் கவிதையாகவும், இசையை இசையாகவும், நாடகத்தை நாடகமாகவும் பிரித்து அடுக்கினார். கையில் பெரிய காசு இல்லை. பதிப்பகங்களுக்குக் கடிதம் எழுதி நூல்களை இரந்து வாங்கினார். ஆட்களின் பரண்களிலும் நிலவறைகளிலும் ஏறி இறங்கினார். 1973இல் ஓய்வு பெறும்வரை 43 வருடம் இதே வேலைதான். இன்று மூர்லண்ட்-ஸ்பிங்கார்ன் ஆய்வு நிலையம் என்ற பெயரில் உலகத்து ஆய்வாளர்கள் தேடிப் போகிற இடம் அது.

இதை அவர் செய்ய முடிந்தது எப்படி? அவர் பயிற்சி பெற்றவர். கொலம்பியாவில் நூலகவியல் பட்டம் எடுத்த முதல் கறுப்பினப் பெண். எண் எங்கே பிழைக்கிறது என்று பார்க்க அந்த எண்முறையை முழுதாகப் படித்த ஒருத்தி வேண்டும். அந்த எண் யாரை அவமதிக்கிறது என்று சுள்ளென்று உறைக்க அந்தச் சமூகத்தின் மகளாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளில் சேர வேண்டும் என்பதுதான் என் வாதம். சேர் இதில் எதை மறுப்பீர்கள்?

ஹதீஸ் படித்தவர்களுக்கு இன்னும் இலகுவாக விளங்கும். இஸ்னாத் இல்லாத செய்தியை நாம் எப்படிப் பார்ப்போம்? ஆவணக் காப்பிலும் முதல் பாடம் அதுதான். இந்தக் கடிதம் யாரிடமிருந்து வந்தது, யார் கைமாறியது, எந்தப் பெட்டிக்குள் எதற்குப் பக்கத்தில் இருந்தது? "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி டிரைவ்ல போட்டா சரிதானே" என்று சொல்லும் தம்பிமாருக்கும் இதுதான் பதில். பெயரும் திகதியும் இடமும் இல்லாத ஆயிரம் படங்கள் ஆயிரம் அநாதைகள். அதோடு, நேர்காணல் கொடுத்த ஒரு மூதாட்டி எதைப் பகிரலாம், எதைத் தன் மௌத்துவரை மூடி வைக்க வேண்டும் என்று சொன்னாளோ அதைக் காப்பாற்றுவது ஸ்கேனரின் வேலை அல்ல.

ஏன் பெண்கள் என்றும் சிலர் கேட்பீர்கள். ஒலிவ் மொரிஸ் 1952இல் ஜமேய்க்காவில் பிறந்து, சிறு பிள்ளையாக லண்டன் வந்து, 27 வயதில் இறந்துபோனவர். அதற்குள் பிரிக்ஸ்டனில் கறுப்பினப் பெண்கள் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவராகவும், ஆபிரிக்க ஆசிய வம்சாவளிப் பெண்களின் அமைப்பை 1978இல் உருவாக்கியவர்களில் ஒருவராகவும் இருந்தார். 1986இல் உள்ளூராட்சி மன்றக் கட்டடம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்தக் கட்டடத்தைப் பிறகு இடித்துவிட்டார்கள். ஆனால் அவரது தோழி லிஸ் ஓபி பத்திரப்படுத்திய படங்களும் கடதாசிகளும், 2008இல் சில பெண்கள் கூடித் தொடங்கிய நினைவுக் குழு சேர்த்த நேர்காணல்களும் லம்பெத் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. சீமெந்து போய்விட்டது, கடதாசி நிற்கிறது. இயக்கங்களில் மேடையில் பேசியவரின் பெயர் பத்திரிகையில் வரும். கூட்டக் குறிப்பு எழுதியவள், துண்டுப்பிரசுரம் தட்டச்சு செய்தவள், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தவள் எங்கே? அவளுடைய கொப்பி குசினி அலுமாரியில் கிடக்கும். வெளியார் வந்து கேட்டால் கொடுக்க மாட்டாள். பேத்தி கேட்டால் கொடுப்பாள்.

இதெல்லாம் எங்கோ வெள்ளைக்கார நாட்டுக் கதை என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு பெயர்: அ. சிவானந்தன். 1958 கலவரத்தோடு இலங்கையை விட்டு லண்டன் போன தமிழர். 1964இல் அங்கே இன உறவுகள் நிறுவனத்தின் நூலகர் ஆனார். அந்த நூலகத்தில் இருந்துகொண்டே நிறுவனத்தின் போக்கையே மாற்றிய போராட்டத்தில் முன்னின்று, பிறகு அதன் பணிப்பாளரும் ஆனார். பிரித்தானியக் கறுப்பின அரசியலின் பெரிய சிந்தனையாளர்களில் ஒருவர் நம்மூர் நூலகர், சேர். கடதாசி அடுக்கியவர்தான்.

என் கோபம் சேரோடு மட்டும் இல்லை. பயிற்சி என்று படம் பிடித்துப் போட்டுவிட்டு, ஆறு மாதத்தில் நிதி முடிந்தது என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறவர்களோடும்தான். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்காக ஹம்ப்டனில் 1925இல் தொடங்கிய நூலகவியல் பள்ளி 1939இல் மூடப்பட்டது. அட்லாண்டாவில் 1941இல் தொடங்கியதும் 2005இல் மூடப்பட்டது. லண்டனில் 1981இல் லென் கறிசன் முதலானோர் தொடங்கிய கறுப்பினப் பண்பாட்டு ஆவணக் காப்பகம் பிரிக்ஸ்டன் விண்ட்ரஷ் சதுக்கத்தில் இன்றுள்ள கட்டடத்துக்கு வர 2014 ஆகிவிட்டது. 33 வருடம்! "உங்கட சமூகத்துக்குத்தானே, சேவையாச் செய்யுங்க" என்று தொண்டர் சான்றிதழ் கொடுத்து வேலை வாங்கும் பெரிய நிறுவனங்கள், தங்கள் சொந்தக் காப்பாளருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு மட்டும் பஸ் காசும் பகல் சாப்பாடுமா? தொண்டராசிரியராக வருடக்கணக்கில் நின்ற எங்களுக்கு இந்தச் சேவைப் பாட்டின் ராகம் நன்றாகத் தெரியும்.

சேர், நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். நேர்ஸிங் படிப்பிக்கச் சொன்னது பிழை இல்லை. ஆனால் 40 வருடம் நேர்ஸாக நின்றவளிடம் நீ யார் என்று அரசு கேட்டபோது அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு பழைய கடதாசி. அதை எந்தப் பெட்டியில் தேடுவது என்று தெரிந்த ஒரு பிள்ளைக்குச் சம்பளம் கொடுப்பதில் உங்களுக்கு என்ன நட்டம்? பதில் இருந்தால் கீழே எழுதுங்கள். ஸ்டாஃப் ரூமில் வேண்டாம், அங்கே எப்படியும் பெல் அடித்துவிடும்.