பாலாற்றுக்கு என்ன நிறம்?

காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரெயிலில் ஏறக்குறைய 84 கிலோமீட்டர். லத்தேரி, குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம், ஆம்பூர், வாணியம்பாடி என்று வழிநெடுகப் பெயர் சொல்லும் ஊர்கள். இடையிடையே பாறைக் குன்றுகள், தென்னந்தோப்புகள், தோல் பதனிடும் சாலைகளின் ஓட்டுக் கூரைகள். இவ்வளவையும் பதினெட்டு அடி நீளமும் பதினோரு அடி அகலமும் உள்ள ஒரு மச்சு அறைக்குள் அடக்கிவிடுவதென்று ஒரு மனிதர் புறப்பட்டால் அவரைப் பற்றி நேயர்கள் என்ன நினைப்பார்கள்? நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். மாடி ஏறிப் பார்த்த பிறகு அபிப்பிராயத்தைக் கொஞ்சம் திருத்திக்கொண்டோம்.

ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் நாற்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் நம் நண்பர். கணக்கப்பிள்ளையின் புத்தி எங்கே போகும்? ரெயில் பொம்மையிலும் முதலில் கணக்குத்தான். அவருடைய வண்டிகள் அசலில் 87-ல் ஒரு பங்கு. அந்த விகிதத்தில் காட்பாடி - ஜோலார்பேட்டைப் பாதையை அப்படியே போட்டால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சலாக இடம் வேண்டும். ஆம்பூர்க் கடைத்தெரு முழுவதையும் வாடகைக்குப் பிடிக்க வேண்டியதுதான். இக்காலத்து இருபத்து நாலு பெட்டி எக்ஸ்பிரஸ் ஒன்றைச் சிறிதாக்கினாலே ஆறரை மீட்டர் வருகிறது. அறையின் நீளமோ ஐந்தரை மீட்டர்! ஆகையால் ஏழு பெட்டியை எக்ஸ்பிரஸ் என்று நம்பிக்கொள்ள வேண்டும். லத்தேரியும் மேல்பட்டியும் அடியோடு காணாமற் போய்விட்டன. பாக்கி இருப்பவை காட்பாடி, வேலூர்க் கண்டோன்மெண்ட், ஆம்பூர் மூன்றுந்தான்.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் சிறு தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர், அதாவது ஐரோப்பியப் பாதையின் அளவு. நம் தேசத்து அகலப் பாதையோ 1676. ஆக, நண்பருடைய அகலப் பாதை ஒன்பது அங்குலத்துக்கு மேல் பொய் சொல்லுகிறது! வேலூர் வழியாக விழுப்புரம் செல்லும் கிளைக்கு அவர் போட்டிருப்பது 12 மில்லிமீட்டர், பெருக்கினால் 1044. அந்தக் காலத்து மீட்டர்ப் பாதைக்கு இது ஏறக்குறைய நியாயமான அளவு. "சின்னப் பாதைதான் யோக்கியமான பாதை" என்பார் நண்பர்.

இந்தப் பொழுதுபோக்கு பணக்காரர்களுக்கும் வெளிநாட்டாருக்கும் உரியது என்று நினைப்பவர்கள் உண்டு. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துப் பழைய கிடங்கு ஒன்றில் 2001-ல் இரட்டைச் சகோதரர்கள் ஆரம்பித்த சிறு உலகத்தைப் பார்க்க ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1998-ல், நம் பூனா நகரத்தில் ஜோஷி என்பவருடைய சிறு ரெயில் காட்சிசாலை திறந்தாகிவிட்டது. நண்பரிடம் வெளிநாட்டுச் சரக்கு என்று இருப்பவை மோட்டார்களும் தண்டவாளங்களும்தான். பெட்டி, ஸ்டேஷன், குடிசை, புளியமரம் யாவும் அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் அவரே செய்தவை. தோல் காயப்போட்டிருக்கும் கொடிகளைக் கவனித்தோம். பழைய பர்ஸ் ஒன்றின் உள்தோலைச் சீவி, நகக்கண் அளவுக்கு வெட்டித் தொங்கவிட்டிருக்கிறார்!

அறையில் எப்போதும் வருஷம் 1975. நண்பர் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது. அகலப் பாதையில் குண்டு மூக்கு நீராவி இஞ்சினும் டீஸலும் மாறி மாறி வரும். மீட்டர்ப் பாதையில் நீராவி மாத்திரம். அந்த மீட்டர்ப் பாதை பெயர்க்கப்பட்டு அகலப் பாதையாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. இப்போது அது ஓடுவது இந்த மச்சில்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டிகள் புறப்பட்டன. சுவரில் ஒரு விசேஷக் கடிகாரம். நமக்கு ஒரு நிமிஷம் ஆனால் அதற்கு ஆறு நிமிஷம். நாலு மணி நேரத்தில் ஒரு நாள் முழுவதும் தீர்ந்துவிடும். நமக்குக் காட்பாடியைக் கொடுத்தார்கள். வேலூர்க் கண்டோன்மெண்டுக்கு நண்பரின் பேத்தி, வயது பதினொன்று. ஆம்பூரை நண்பரே வைத்துக்கொண்டார்.

ரெயில் ஓட்டுவது என்றால் பிடியைத் திருகிவிட்டு வேடிக்கை பார்ப்பது என்று எண்ண வேண்டாம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது இந்த அளவில் விநாடிக்குப் பத்தொன்பது சென்டிமீட்டர். குழந்தைகள் ஓட்டும் வேகத்தில் விட்டால் இஞ்சின் ஆகாய விமானத்தோடு போட்டி போடும். வேலூர்க் கிளை ஒற்றைப் பாதை வேறு. டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் ஸ்டேஷனை விட்டு நகரக் கூடாது. ஒரு சமயத்தில் ஒரே டோக்கன்தான் வெளியே இருக்கலாம் என்பது அசல் ரெயில்வேயின் சட்டம். இங்கே டோக்கனுக்குப் பதிலாக ஒரு பித்தளை வாஷர். அதைக் கையோடு எடுத்துப்போய் அடுத்த ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.

ஆம்பூரிலிருந்து பதனிட்ட தோல் ஏற்றிய கூட்ஸ் வண்டி காட்பாடிக்கு வந்தது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதமான அந்தத் தோல் சென்னைத் துறைமுகம் சென்று சீமைக்குக் கப்பல் ஏறிய காலம் ஒன்று இருந்தது. அந்த வண்டியை நண்பர் இஞ்சின் மாற்றி ஒதுக்குவதற்குள் கடிகாரத்தில் முக்கால் மணி ஓடிவிட்டது. இதற்குள் விழுப்புரம் பாசஞ்சருக்கு நேரமாகிவிட, பேத்தி வேலூரிலிருந்து குரல் கொடுத்தாள்: "தாத்தா, டோக்கன் இன்னும் உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அது வராமல் நான் லைன் கொடுக்க மாட்டேன்."

"ஒரு நிமிஷம், அம்மா."

"ஒரு நிமிஷம் என்றால் ஆறு நிமிஷம்!"

பாசஞ்சர் பாலத்துக்கு இப்பால் நின்றது. கையில் காமிராவுடன் இருந்த நமக்கு இது நல்ல சமயமாகப் போயிற்று.

சிறு ரெயிலைப் படம் பிடிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாம் நின்றபடி எடுத்தால் ராட்சசன் குனிந்து பார்ப்பது போலத்தான் விழும். பிளாட்பாரத்தில் நிற்கும் மனிதனின் உயரம் இரண்டு சென்டிமீட்டர். அவன் கண் இருக்கும் இடத்தில் காமிராவின் கண்ணும் இருக்க வேண்டும். பெரிய காமிராவை அங்கே நுழைக்க முடியாது. கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்டவாளத்தை ஒட்டி வந்துவிடுகிறது! அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவாக விழுவதும் அதில் சுலபம். பெரிய காமிராவானால் துவாரத்தைச் சுருக்கி, முக்காலியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விநாடிகளை எண்ண வேண்டியதுதான். விளக்கு ஒன்றே ஒன்று போதும். ஆகாயத்தில் இரண்டு சூரியன் கிடையாது அல்லவா?

கண் மன்னித்துவிடுவதைக் காமிரா மன்னிப்பதில்லை. கூரைமேல் ஒரு தூசு பாறாங்கல்லாகத் தெரிந்தது. நம்முடைய தலைமயிர் ஒன்று தந்திக் கம்பி அறுந்து விழுந்தாற்போல் கிடந்தது. எல்லாவற்றையும் வண்ணத் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்து பாலத்தின்மேல் பாசஞ்சரை எடுத்தோம். இஞ்சினும் பெட்டிகளும் பிரமாதம். தூண்கள் அதைவிடப் பிரமாதம். தூண்களுக்குக் கீழே மாத்திரம் வெள்ளை வெளேரென்று சுண்ணச் சாந்து! காட்பாடிக்கும் வேலூருக்கும் இடையே ஓடும் பாலாறு அங்கே இல்லவே இல்லை.

"மூன்று வருஷமாக இப்படித்தான் இருக்கிறது" என்றார் நண்பர். தண்ணீர் செய்வதற்கென்று வாங்கிய பிசின் புட்டி மூடி திறக்காமல் அலமாரியில் நின்றது. அந்தப் பிசினை வார்த்துவிட்டால் உறைந்துபோகும். அப்புறம் பெயர்த்தால் பாலமும் கூட வரும்.

ஆற்றில் என்ன வைப்பது என்பதுதான் அந்த வீட்டின் நெடுநாள் வழக்கு. வீட்டு அம்மாள், ஆறு என்றால் இரு கரையும் தண்ணீர் வேண்டும் என்கிறார். அதுவும் தப்பில்லை. 1903 நவம்பரில் வாணியம்பாடியில் புகுந்து உயிர்களை வாரிக்கொண்டு போன ஆறு இது. 2021 நவம்பரிலும் கரை புரண்டு ஓடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். பேத்தி அதற்குச் சம்மதிக்கவில்லை. அவள் நாள்தோறும் பார்ப்பது மணலும் சீமைக் கருவேலமும்தான். "தண்ணீர் வைத்தால் போட்டோவைப் பார்த்து என் சிநேகிதிகள் சிரிப்பார்கள்" என்றாள்.

நண்பருடைய சங்கடம் வேறு. தோல் ஷாப்பின் பின்சுவரில் அவர் ஒரு வாய்க்காலும் செய்து வைத்திருந்தார். அது ஆற்றில் போய் முடிகிறது. அசலிலும் அப்படித்தான் முடிந்தது. பிற்காலத்தில் முழுப் பதம் செய்த தோல் ஏற்றுமதி பெருகி, குரோமிய உப்பு வந்த பிறகு நிலைமை முற்றியது. 1991-ல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாவதும், இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவுக்கோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற் போனதும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கின்றன. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற நியாயம் இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் இந்த ஆற்றுக்கும் பங்கு உண்டு.

"நான்தான் சம்பளப் பட்டுவாடா எழுதினேன். என் பெண்ணின் கல்யாணம் அந்தச் சம்பளத்தில் நடந்தது. வாய்க்காலுக்கு எந்த வர்ணம் பூச?" என்று நண்பர் கேட்டார்.

1975 என்று வருஷத்தை நிறுத்திவிட்டதால் அவர் சுலபமாகத் தப்பித்துக்கொள்ளலாமே என்று நேயர்களுக்குத் தோன்றும். நாமும் அதைச் சொன்னோம். அப்போதும் வாய்க்கால் ஓடத்தான் ஓடியது என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஷாப்பை அப்படியே எடுத்துவிடலாமே என்றால், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டதை எடுத்துவிட்டு ஆம்பூர் என்று போர்டு மாட்டுவதா என்கிறார். அவர் கட்சிதான் சரி என்பது நம் எண்ணம்.

வெகு நேரம் பேசினோம். காபி ஆறிப்போயிற்று. கடிகாரத்தில் நடுநிசி தாண்டி மறுநாள் விடிந்துவிட்டது. பாசஞ்சர் பாலத்தில் நின்றபடியே நின்றது. கடைசியில் நண்பர் ஒரு டப்பாவைத் திறந்தார். பாலாற்று மணலாக்கும் என்று நினைத்தோம். அதை உபயோகிக்க முடியாதாம். அரை மில்லிமீட்டர் மணல் இந்த அளவில் எலுமிச்சம்பழம் போல ஆகிவிடும்! துணியில் சலித்த கல் தூள்தான் அது. பசை தடவித் தூள் தூவினார். தூண்களின் அடிவரை மணல் பரந்தது. பிறகு மெல்லிய தூரிகையால், கடுக்காய்ச் சாறு போன்ற பழுப்பு நிறத்தில், வாய்க்காலிலிருந்து ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு கரையைத் தாண்டி மணலுக்குள் கொஞ்ச தூரம் போயிற்று. அங்கே தூரிகையை எடுத்துவிட்டார்.

பேத்திக்கு மணல் கிடைத்தது. வீட்டு அம்மாளுக்கு?

பாலத்துக்கு மேற்கே, கோட்டுக்கு வெகு தூரத்தில், குண்டூசித் தலையால் மணலில் ஒரு குழி அழுத்தினார். நண்பரும் வீட்டு அம்மாளும் சிறு வயதில் அப்படித்தான் ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்பினார்களாம். பிசின் புட்டியின் மூடி திறந்தது. பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு எடுத்துக் குழியில் விட்டார். அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்துவிட்டு, "குடம் வைத்த பெண்பிள்ளை ஒருத்தி வேண்டும்" என்றார். ஆம்பூர் பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருந்த ஒருத்தியைப் பெயர்த்து அங்கே உட்கார வைத்தார்கள்.

பிசின் இறுக ஒரு நாள் செல்லும். அதுவரையில் அந்தப் பக்கம் மின்விசிறி போடக் கூடாது, யாரும் தும்மவும் கூடாது என்று வேலூர் ஸ்டேஷன் மாஸ்டர் உத்தரவு போட்டுவிட்டு, தாத்தாவின் சட்டைப் பையில் கையை விட்டு டோக்கனை எடுத்துக்கொண்டு லைன் கொடுத்தாள்.