அம்மம்மா திடுக்கிடாத ஆர்எக்ஸ்-7

அஜின்கோர்ட்டிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். 1993ஆம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-7 வைத்திருக்கிறாராம். டேர்போ பூட்டிய ரோட்டரி எஞ்சின். கலியாணத்துக்கு முந்தி வாங்கினது. இப்ப வீட்டில் ஏழு மாதக் குழந்தை. பவர் குறையாமல் சைலன்சரை எப்படி அமைதியாக்கலாம் எண்டு கேட்கிறார். கடைசிப் பந்தியில் போகிற போக்கில் இன்னொண்டும் இருந்தது. கார் 'டப் டப்' எண்டு வெடிக்கும்போது மனைவியின் அம்மா கையிலிருக்கிற தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சுவரோடு போய் நிற்பாராம். அவர் 2009இல் வன்னியில் இருந்தவர்.

எனக்கு அந்தக் கடைசிப் பந்திதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. முதலில் சத்தம் எங்கேயிருந்து வருகுது எண்டு பார்ப்பம்.

சாதாரண எஞ்சினில் புகை வெளியேற ஒரு வால்வு மெல்லத் திறக்கும். ரோட்டரியில் வால்வே இல்லை. முக்கோண ரோட்டர் சுழன்று வந்து துவாரத்தைச் சட்டெண்டு திறந்துவிடும். கொதிக்கிற வாயு ஒரே அடியாகப் பாயும். ரோட்டரின் முனைகளில் உள்ள சீல்களுக்கு எண்ணெய் விட வேண்டும், அந்த எண்ணெயும் எரியாத பெற்றோலும் குழாய்க்குள் போகும். அதனால்தான் மலிவான சைலன்சரில் அடைத்த கண்ணாடி நார் கெதியாய் எரிந்து, ஊதுப்பட்டுப் போகும். முதல் கோடையில் அமைதி, அடுத்த கோடையில் தகர டப்பா. துளையிட்ட உள்குழாயைச் சுற்றி முதலில் துருப்பிடியாத உருக்குக் கம்பளி, அதற்கு வெளியே செராமிக் நார் அடைத்த சைலன்சரைக் கேளுங்கோ. விலை கூடத்தான், ஆனால் நிண்டு பிடிக்கும்.

குழாயை ஒடுக்கமாக்கிச் சத்தத்தைக் குறைக்கப் பார்க்கவேண்டாம். டேர்போவுக்குப் பின்னால் அடைப்பு வந்தால் இந்த எஞ்சினுக்குச் சூடு ஏறும். 3 அங்குலக் குழாய், நடுவில் ஒரு நீண்ட ரெசனேற்றர், பின்னால் பெரிய சைலன்சர். காட்டலிட்டிக் கொன்வேட்டரைக் கழற்றக்கூடாது. ஒண்டாரியோவில் அது சட்டவிரோதம், அதோடு சத்தத்தின் கூர்மையை அரைவாசி மழுங்கடிப்பதும் அதுதான்.

நெடுஞ்சாலையில் காதுக்குள் 'ம்ம்ம்' எண்டு இரைகிறதே, அது வேற வருத்தம். இரண்டு ரோட்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று எண்டால் வினாடிக்கு 100 துடிப்பு. ஒரு முனை மூடிய கிளைக்குழாயைப் பக்கத்தில் ஒட்டினால், அதற்குள் போய்த் திரும்பி வருகிற அலை இந்தத் துடிப்போடு மோதி அதை அடக்கிவிடும். நீளம் அந்த ஒலியலையின் கால்பங்கு. சூட்டைப் பொறுத்து ஒரு மீற்றர் அளவில் வரும். முதலில் கொஞ்சம் நீட்டாய் விட்டு, ஓட்டிப் பார்த்து வெட்டிக் குறைக்கலாம். 401இல் பின்சீட்டில் குழந்தை நித்திரை கொள்ள இந்தக் கிளைக்குழாய் போதும். (ஆர்எக்ஸ்-7இல் பின்சீட்டே இல்லை எண்டு எனக்கும் தெரியும். ஒரு பேச்சுக்குத்தான்.)

இனி அம்மம்மாவின் விசயம். அந்த வெடிச்சத்தம் சைலன்சரால் நிற்காது. அக்சிலேற்றரில் காலை எடுத்த பிறகும் எஞ்சினுக்குள் போகிற பெற்றோல், சூடான குழாயில் பற்றுவதுதான் அது. காரின் கணினியை ரியூன் செய்பவரிடம், கால் எடுத்ததும் பெற்றோலை முழுதாக வெட்டச் சொல்லுங்கோ. அன்ரி-லாக் போட்டிருந்தால் அதையும் நிப்பாட்டச் சொல்லுங்கோ. புதுக் குழாய் போட்டால் எப்படியும் ரியூனிங் வேணும்: தடை குறைந்ததும் டேர்போ அழுத்தம் தன்பாட்டில் ஏறும், பெற்றோல் பத்தாமல் போகும், முனை சீல் உடையும். பிறகு எஞ்சினையே கழற்றவேண்டியதுதான். பணம் மட்டு எண்டால் முதலில் ரியூனிங், பிறகு சைலன்சர். அந்த ஒழுங்கில்தான் நான் செய்வன்.

நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, நல்ல நிலையில் வேலை செய்கிற சைலன்சர் இருக்கவேணும், அளவுக்கு மீறிய சத்தம் கூடாது எண்டு சொல்லுது. நேர்க்குழாய், குடல் எடுத்த சைலன்சர் எல்லாம் தடை. மாற்றங்களைக் காப்புறுதிக் கொம்பனிக்கும் அறிவியுங்கோ. மறைத்து வைத்தால் விபத்து நாளில் கஷ்டம்.

வேலைக்கு முந்தியும் பிந்தியும் கைபேசிச் செயலியால், ஒரே இடத்தில் நிண்டு டெசிபல் அளந்து வையுங்கோ. செயலி மிகத் துல்லியமில்லை, ஆனால் வித்தியாசத்தைக் காட்டும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்கு ஏறக்குறைய அரைவாசிச் சத்தம்.

கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் உள்ளே நிறுத்தி எஞ்சினைச் சூடாக்கக் கூடாது, கதவு திறந்திருந்தாலும்கூட. புதிதாக வெல்ட் பண்ணின இடத்தில் சின்ன ஒழுக்கு இருந்தாலே காபனோரொட்சைட் வீட்டுக்குள் வரும். மேல்மாடியில் குழந்தை படுக்கிற அறைக்கு அருகே ஒரு அலாரம் பூட்டுங்கோ. காரை வெளியே எடுத்ததும் மெதுவாக ஓட்டிச் சூடாக்கலாம்.

மற்றக் காரை எடுக்கிறதுக்காக இதை இரண்டடி நகர்த்தி, உடனே நிப்பாட்டவும் வேண்டாம். சூடேறாத ரோட்டரி பெற்றோலில் நனைந்து அடுத்த முறை ஸ்ராட் ஆகாது. நியூட்ரலில் போட்டுத் தள்ளுங்கோ. 1,300 கிலோ அளவுதான். ஒரு மச்சானைக் கூப்பிட்டால் போதும், சத்தமும் வராது.