தயவும் உரிமையும்

1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் ஒரு சிறு கடையைத் தொடங்கிய வரலாற்றை நம் அங்கத்தினர் நன்கறிவர். ஆனால் அந்நாட்டுக் கிராமங்களில், கணவனை இழந்த கூலித் தொழிலாளியின் மனைவி எங்ஙனம் வாழ்ந்தாள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தயவால் வாழ்வது வேறு, உரிமையால் வாழ்வது வேறு என்பதை அவள் வாழ்வு நமக்குத் தெளிவாக உணர்த்துகின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டில் அவளுக்கு மூன்று துணைகள் இருந்தன. முதலாவது இராட்டை, ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பலர் நூற்க வேண்டியிருந்த காலம் அது. இரண்டாவது, விறகு பொறுக்கவும் பசு மேய்க்கவும் உதவிய ஊர்ப் பொது நிலம். மூன்றாவது, அறுவடையான வயலில் சிந்திய கதிர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய நூற்பு யந்திரம் இராட்டையை ஓயச் செய்தது. பாராளுமன்றச் சட்டங்களால் பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியார் உடைமையாயின. கதிர் பொறுக்குதல் சட்டப்படியான உரிமையன்று என்று 1788-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கம் பல ஊர்களில் நீடித்ததெனினும், உரிமையாயிருந்தது நிலக்காரரின் தயவாகிவிட்டது.

எஞ்சியது பாரிஷ், அதாவது மாதாகோயிலைச் சார்ந்த ஊர் வட்டம். தன் ஏழைகளைத் தானே வரி தண்டிக் காப்பாற்ற வேண்டுமென்று 1601-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பாரிஷுக்கும் கட்டளையிட்டது. அதனால் உயிர் பிழைத்தோர் பலர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வரி கொடுப்போர் செலவுக்கு அஞ்சினர். தம் ஊரைச் சேராத ஏழையை அவருக்குரிய பாரிஷுக்கே அனுப்ப 1662-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. மனைவிக்குக் கணவன் ஊரே ஊர். ஆகவே, தான் கண்டறியாத ஓர் ஊருக்கு விதவை அனுப்பப்படுதலும் உண்டு. உதவி பெறுவோர் தோளில் 'பி' என்னும் எழுத்தைத் துணியில் தைத்து அணிய வேண்டும் என்று 1697-ல் விதித்தனர். அவ்விதி 1810-ல்தான் நீக்கப்பட்டது.

1834-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழை விடுதிகளைப் பெருக்கியது. வெளியே உழைப்பவன் நிலையைவிட விடுதியில் இருப்பவர் நிலை தாழ்ந்திருக்க வேண்டும் என்பதே அதன் கொள்கை. அங்கே தாயும் பிள்ளைகளும் பிரித்து வைக்கப்பட்டனர். விதவைக்கு மட்டும் சில சலுகைகள் அளித்து, வீட்டிலேயே சிறிது உதவி தந்தனர். 1871-லோ, உடல் வலிமையுள்ள, ஒரே குழந்தையுடைய விதவைக்கு அவ்வுதவியும் பொதுவாகத் தரலாகாது என்று மேலதிகாரிகள் அறிவுரை அனுப்பினர். கொடுப்பவர் மனம் மாறினால் பெறுபவள் அடுப்பு அணையும். தயவின் இயல்பு அதுவே.

இந்நிலையை மாற்றியது 1925-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம். கணவன் தொழிலாளியாய் இருந்தபோது அவனும் முதலாளியும் செலுத்திய சந்தாவைக் கொண்டு, 1926 முதல் விதவைக்கு வாரம் 10 ஷில்லிங்கும், மூத்த பிள்ளைக்கு 5 ஷில்லிங்கும், மற்ற பிள்ளைகளுக்குத் தலைக்கு 3 ஷில்லிங்கும் கிடைத்தன. தொகை சிறிதே. ஆனால் அவள் வறுமையை அளந்து பார்க்க எவரும் வீடு தேடி வரவில்லை. கணவன் உழைப்பில் சேர்ந்த பணம் அவளுக்கு உரிமையாய் வந்தது.

அங்கத்தினர்களே! நம் சங்கத்தில் உங்கள் பங்கும் சேமிப்பும் அத்தகைய பணமே. உங்களுக்குப் பின் அதனைப் பெறுபவர் பெயரைப் பதிவேட்டில் குறித்துவிட்டீர்களா? அவ்விடம் வெறுமையாயிருப்பின், உங்கள் மனைவி தனக்குரிய பணத்திற்கே சான்றும் சிபாரிசும் தேடி அலைய நேரும். அவளையும் தன் பெயரில் அங்கத்தினராக்க விதிகள் இடந்தருமாயின், அதனையும் செய்யுங்கள். தறியிலும் வயலிலும் சரிபாதி உழைத்தவளைப் பிறர் தயவுக்கு விட்டுச் செல்லுதல் கூட்டுறவாளருக்கு அழகன்று. அடுத்த முறை சங்கத்துக்குச் செல்லும்போது பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.