15 வயதைத் தாண்டிய ஆக்டேவியா ஆர்.எஸ்.: ஒர்க்‌ஷாப் செலவா, சட்டமா, எது உங்களைக் கவிழ்க்கும்?

2025 அக்டோபரில் ஸ்கோடா நிறுவனம் 100 ஆக்டேவியா ஆர்.எஸ். கார்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. எக்ஸ்-ஷோரூம் விலை 49.99 லட்சம் ரூபாய். அறிமுகத்துக்கு முன்பே நூறும் புக் ஆகிவிட்டன.

அந்த வாரம் உங்கள் இன்ஸ்டா ஃபீடில் இன்னொரு காரும் எட்டிப் பார்த்திருக்கும். 2004-ல் இங்கே வந்த முதல் ஆக்டேவியா ஆர்.எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 150 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல். ஔரங்காபாத் ஆலையில் அசெம்பிள் ஆனது. இன்று ஒரு புது சின்ன ஹேட்ச்பேக்கைவிடக் குறைந்த விலைக்கு யூஸ்டு கார் தளங்களில் கிடைக்கிறது. முதல் வேலை, முதல் போனஸ், கூடவே பத்தாம் வகுப்பில் ஆசைப்பட்ட கார். கை பரபரக்கத்தான் செய்யும்.

வாங்கலாமா என்று கேட்டால் எல்லோரும் ஸ்பேர் பார்ட்ஸ் விலையைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். எனக்கு அந்தப் பயம் அவ்வளவாக இல்லை. ஒர்க்‌ஷாப் பக்கம் இருக்கும் பிரச்னைகள் ஏறக்குறைய எல்லாமே தெரிந்தவை, தீர்க்கக்கூடியவை. பணம் மொத்தமாக மூழ்குவது ஆர்.சி. புத்தகத்தில்தான். இரண்டையும் பார்த்துவிடலாம்.

முதலில் பானெட்டைத் திறப்போம்

இந்த 1.8 டர்போ ஆக்டேவியாவுக்கு மட்டும் செய்த இன்ஜின் இல்லை. அந்தக் காலத்து ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், ஆடி ஏ3, ஆடி டிடி எல்லாவற்றிலும் இதே குடும்பத்து இன்ஜின் ஓடியது. அதனால் இன்ஜினுக்குள் வரும் பாகங்களை சப்ளையர் நிறுவனங்கள் இன்னும் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. பாக எண் தெரிந்தால் போதும். பலவற்றின் எண் 06ஏ என்று தொடங்கும். கம்பெனிப் பெட்டியில் வரும் அதே பொருள், தயாரித்தவரின் சொந்தப் பெட்டியில் விலை குறைவாகக் கிடைக்கும். கஷ்டம் எங்கே என்றால் ஹெட்லேம்ப், உள்ளே வரும் பிளாஸ்டிக், ஆர்.எஸ்.ஸுக்கென்றே வந்த பம்பர், சீட் துணி. இவை உடைந்தால் இன்னொரு ஆர்.எஸ். எங்கேயாவது உடைக்கப்படும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்ஜினில் பயப்பட வேண்டிய ஒரே பொருள் டைமிங் பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், சிலிண்டர் ஹெட் வேலை வந்துவிடும். அதே பெல்ட்டில்தான் வாட்டர் பம்ப்பும் சுற்றுகிறது. பழைய பம்ப்பின் உள்ளே இருக்கும் விசிறி பிளாஸ்டிக், வெடித்து உதிரும். பெல்ட் நன்றாக இருக்கும், தண்ணீர் மட்டும் சுற்றாது, டிராஃபிக்கில் வெப்ப முள் ஏறும். எனவே பெல்ட், டென்ஷனர், உலோக விசிறி உள்ள பம்ப் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். "போன வருஷம்தான் மாத்தினோம் சார்" என்று விற்பவர் சொன்னால் பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். வண்டி குறைவாக ஓடியிருக்கிறதே என்று விடவும் கூடாது. ரப்பர் நின்ற இடத்திலேயே வயதாகும் பொருள்.

அடுத்தது கூலண்ட். ரேடியேட்டர் பாட்டிலைப் பார்த்தாலே அந்த வண்டியின் சரித்திரம் தெரியும். ஃபோக்ஸ்வாகன் குழுமம் கொடுத்தது ரோஸ் நிறக் கூலண்ட். தெரு முனை கடையில் கிடைக்கும் பச்சையை அதோடு கலந்தால் சேறு மாதிரி பழுப்பாகிவிடும், சின்ன வழிகளை அடைக்கும். நான் குருகிராமில் ஒரு 2006 மாடல் பார்க்கப் போனேன். பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. பாட்டிலுக்குள் டீ டிகாஷன்.

மற்றவை தொல்லைகள்தான், ஆபத்துகள் இல்லை. இக்னிஷன் காயில் ஒவ்வொன்றாகப் போகும்; ஒன்றை டிக்கியில் வைத்துக்கொண்டால் ரோட்டோரத்தில் பத்து நிமிட வேலை. வேக்யூம் ஹோஸ்கள் நம்ம ஊர் வெயிலுக்கு வெடித்துக் காற்றை உறிஞ்சும். டர்போவின் டைவர்ட்டர் வால்வில் உள்ள ரப்பர் கிழிந்தால் ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி சோம்பும். இதைக் கண்டுபிடிக்கத் தெரியாத மெக்கானிக் டர்போவையே மாற்றச் சொல்வார். அந்த ஒரு தவறான தீர்ப்புதான் இந்த கார்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது என்பது என் கருத்து. பாகத்தின் விலையைவிடத் தப்பான பாகத்தை மாற்றிய விலைதான் அதிகம். ஸ்கேனர் வைத்து இந்தக் குழுமத்தின் கார்களைப் படிக்கத் தெரிந்த ஒருவரை முதலில் கண்டுபிடியுங்கள், அப்புறம் காரைத் தேடுங்கள்.

பெட்ரோலில் எத்தனால் வந்த பிறகு?

இது புதுக் கவலை, கொஞ்சம் நியாயமான கவலையும்கூட. 2025-ல் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 நாடு முழுக்க பங்குகளுக்கு வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் கணக்குப்படி 6-7 சதவீதம் மைலேஜ் போகும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதத்துக்கு ட்யூன் செய்த கார்களுக்கு நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் ஏறக்குறைய இதையே சொன்னது. பழைய சில வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு ரப்பர் பாகங்களும் கேஸ்கெட்டும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது.

டர்போ இன்ஜினுக்கு எத்தனாலால் ஒரு லாபமும் உண்டு: ஆக்டேன் கூடும், நாக்கிங் குறையும். ஆனால் எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலியும். இன்ஜின் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் விட்டுச் சரிக்கட்டும். அப்படிச் சரிக்கட்ட அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. வெடித்த வேக்யூம் ஹோஸ் ஏற்கனவே அந்த எல்லையில் பாதியைத் தின்றிருந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும், எல்லோரும் எத்தனாலைத் திட்டுவார்கள். ஹோஸ்களை மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் டேங்க்கில் பெட்ரோலைத் தேக்கி நிறுத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் காருக்கு இது முக்கியம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பது இன்ஜினைவிட முக்கியமாகிறது.

டெல்லி தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டைத் தாண்டிய டீசலும் 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோலும் ஓடக் கூடாது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்டது, உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இந்த வண்டிகளுக்கு டெல்லி பங்குகளில் பெட்ரோலே போடக் கூடாது என்ற உத்தரவு அமலுக்கு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது பழைய கார் வாட்ஸ்அப் குழுக்களில் லட்டு கொடுக்காத குறைதான்.

அந்தச் சந்தோஷம் நான்கு மாதம் நீடித்தது. டிசம்பர் 17 அன்று அதே நீதிமன்றம் உத்தரவைத் திருத்தி, இந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4, அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும்தான் என்றது. பி.எஸ்.-4 விதி டெல்லி, சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு வந்ததே 2010 ஏப்ரலில்தான். முதல் தலைமுறை ஆர்.எஸ். அதற்கு முந்தையது. எவ்வளவு நெய் தடவி வளர்த்திருந்தாலும் அந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை. குளிர்காலத்தில் காற்று மோசமாகி மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு வந்தால் பி.எஸ்.-3 பெட்ரோல் கார்கள் டெல்லியிலும் குருகிராம், நொய்டா போன்ற பக்கத்து மாவட்டங்களிலும் ஓடவே முடியாது.

தமிழ்நாடு, கர்நாடகா, மகாராஷ்டிரா என்று வட்டாரத்துக்கு வெளியே போனால் கதை வேறு. 15 ஆண்டு முடிந்ததும் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி ஆர்.சி.யை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கான கட்டணத்தை 10,000 ரூபாயாக்கியது. 15 முதல் 20 வரை பழைய 5,000-மே. வருடத்துக்குப் பிரித்தால் 2,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஒரு நல்ல டயரைவிடக் குறைவு. ஆனால் இறக்குமதிக் காருக்கு இதே கட்டணம் 80,000. உங்கள் ஆர்.எஸ். ஔரங்காபாத்தில் அசெம்பிள் ஆனதுதான், இருந்தாலும் ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எழுத்துப் பிழைக்கு 70,000 கொடுக்க வேண்டாம்.

'இது கிளாசிக் கார் ஆச்சே, தனிச் சலுகை கிடையாதா' என்று கேட்கலாம். 2021-ல் வந்த வின்டேஜ் விதி 50 ஆண்டு கேட்கிறது. 15-க்கும் 50-க்கும் நடுவில் 35 ஆண்டுக்கு இந்தியச் சட்டத்தில் இந்தக் காருக்கு 'பழைய வண்டி' என்பதைத் தவிர வேறு பெயரே இல்லை. ஜெர்மனியில் 30 ஆண்டு ஆகி, ஒரிஜினல் நிலையில் இருப்பதாகப் பரிசோதனையில் தேறினால் தனி எண் தட்டு தருகிறார்கள். புகைக் கட்டுப்பாட்டு மண்டலங்களுக்குள்ளும் போகலாம். பிரிட்டனில் 40 ஆண்டு.

அப்போ இது அநியாயமா?

முழுக்க இல்லை. 'என் கார் புதுசு மாதிரி இருக்கு' என்பவர்கள் ஒரு எண்ணைத் தாண்டிப்போக முடியாது. பி.எஸ்.-3 பெட்ரோல் காருக்கு அனுமதித்த நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 0.15 கிராம். பி.எஸ்.-6-ல் 0.06. பிறந்த அன்றே இரண்டரை மடங்கு. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் களைத்துப்போன பிறகு எவ்வளவு என்பதை பி.யூ.சி. சான்றிதழும் சொல்லாது, ஏனென்றால் பெட்ரோல் கார்களுக்கான அந்தச் சோதனை நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை.

என் புகார் வேறு. வாரம் 30 கி.மீ. ஓடும் ஆர்.எஸ்.ஸையும் தினம் 150 கி.மீ. ஓடும் காரையும் சட்டம் ஒரே தராசில் நிறுத்துகிறது. வண்டியிலிருந்து வெளிவருவதை ஒழுங்காக அளக்கும் சோதனை நம்மிடம் இல்லாததால் பிறந்த தேதியை அளக்கிறோம். தேதியை அளப்பது சுலபம், ஆர்.சி.யிலேயே அச்சடித்திருக்கிறது.

டெல்லி எண் தட்டோடு சென்னைக்கோ கோவைக்கோ மலிவாக வரும் ஆர்.எஸ். விளம்பரங்களின் காரணம் இப்போது புரிந்திருக்கும். விலையை விற்பவரின் தாராள மனம் குறைக்கவில்லை, அந்த டிசம்பர் உத்தரவு குறைத்தது. அப்படி ஒன்றைப் பார்த்தால் டெல்லி ஆர்.டி.ஓ. கொடுத்த தடையில்லாச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். 'வாங்கித் தர்றேன்' என்பது சான்றிதழ் ஆகாது. வாகன் தளத்தில் ஆர்.சி. இன்னும் உயிரோடு இருக்கிறதா, கடன் பாக்கி இருக்கிறதா பாருங்கள். தமிழ்நாட்டில் மறுபதிவுக்குச் சாலை வரி தனியாகக் கட்ட வேண்டும், அதையும் விலையில் சேருங்கள். அட்வான்ஸ் கொடுப்பது இவ்வளவுக்கும் பிறகுதான்.

குருகிராம் கார்? கூலண்டைக் கழுவி ஊற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தேன். டெல்லிப் பதிவு, 2021-லேயே காலாவதி. விற்பவர் சாவியை நீட்டி, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்றார். ஓட்டிப் பார்த்தால் வாங்கிவிடுவேன் என்று தெரியும். சாவியைத் தொடாமலே மெட்ரோ பிடித்து வந்துவிட்டேன்.