ஆயா தேடும் இல்லத்தார்க்கு

பிள்ளை பெற்ற தாய்க்குச் சட்டம் வழங்கும் சம்பளத்துடன் கூடிய விடுமுறை 84 நாட்கள். அந்நாட்கள் கழிந்ததும், சிலாபத்துப் பாடசாலை ஆசிரியையும் புத்தளத்து வங்கியில் கடமை புரியும் பெண்ணும் தத்தம் கைக்குழந்தையை எவர் கையில் ஒப்படைப்பது என்று கலங்குவதை நாம் காண்கிறோம். முன்னாளில் இக்கவலை பெரிதாக எழுந்ததில்லை. பாட்டி இருந்தார், பெரியம்மா இருந்தார், அடுத்த வளவில் மாமி இருந்தார். இன்றோ மகன் கற்பிட்டியில், மகள் கொழும்பில், பாட்டி உடப்பில் என்று குடும்பம் மூன்று திக்கில் இருக்கின்றது. ஆகவே ஆயா ஒருவரைத் தேட வேண்டியதாகிறது.

தேடும் முறைதான் எமக்கு வியப்பளிக்கிறது. தென்னந்தோட்டம் ஒன்றை வாங்குவதாயின் உறுதியைப் பார்க்கிறோம், எல்லையை அளக்கிறோம், காய்ப்பை விசாரிக்கிறோம். பிள்ளையை ஒப்படைக்கப் போகும் பெண்ணைப் பற்றியோ, "நல்ல பிள்ளை, வாய் பேசாது" என்று தரகர் சொன்ன ஒரு சொல் போதுமானதாகிவிடுகிறது. வாய் பேசாதவர் நல்ல ஆயா என்று யார் சொன்னார்? குழந்தை கட்டிலிலிருந்து விழுந்ததை அன்று மாலையே வாய் திறந்து சொல்பவர்தான் நல்ல ஆயா. அப்படிச் சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சத்தை அவருக்கு உண்டாக்காதிருப்பது வீட்டாரின் பொறுப்பு.

தரகரின் சொல்லை நம்பி ஆள் எடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் நாட்டார் மறக்கலாகாத உதாரணம் ஒன்றுண்டு. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005 ஆம் ஆண்டு மே மாதத்தில் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றார். 1988 இல் பிறந்த அவருக்கு அப்போது வயது 17. கடவுச்சீட்டிலோ வயது கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. வீட்டு வேலைக்கென்று போனவரிடம் நான்கு மாதக் குழந்தை ஒன்று விடப்பட்டது. அம்மாதம் முடியுமுன்பே அக்குழந்தை இறந்தது. புட்டிப்பால் ஊட்டும்போது புரையேறியது என்றார் அவர். கழுத்தை நெரித்தார் என்றனர் வீட்டார். 2007 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9 ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது.

அவ்வழக்கை மீண்டும் விசாரிப்பது இப்பத்தியின் வேலையன்று. நாம் கேட்பது வேறொன்று. பால் புரையேறினால் செய்ய வேண்டியது யாது என்று அந்தப் பெண்ணுக்கு எவரேனும் காட்டிக் கொடுத்திருந்தாரா? அந்நிய தேசத்து வீட்டாரைக் குறை கூற விரையும் நாம், எமது வீட்டு ஆயாவுக்கு அதைக் காட்டியிருக்கிறோமா?

காட்டுவது கடினமன்று. பாலூட்டியதும் குழந்தையைத் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்ய வேண்டும். படுத்திருக்கும் குழந்தையின் வாயில் புட்டியை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகலாகாது. உறங்க வைக்கும்போது மல்லாக்கவே கிடத்த வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டை அடைத்து, அழவும் இருமவும் இயலாது போனால், முன்னங்கையின்மேல் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கத் தாடையைத் தாங்கிக்கொண்டு, இரு தோட்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். அடைப்பு நீங்காவிடின் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரு விரல்களால் ஐந்து முறை அழுத்த வேண்டும். இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டே 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை மற்றொருவரைக் கொண்டு அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடலாகாது. நாம் மிட்வைப் அம்மா என்று அழைக்கும் குடும்பநல மருத்துவமாது வீட்டுக்கு வரும் நாளில், தாயையும் ஆயாவையும் ஒருங்கே இருத்தி இதனைச் செய்து காட்டும்படி கேட்டுக்கொள்க. முதல் ஒரு வாரமேனும் தாயும் ஆயாவும் ஒன்றாக வீட்டிலிருப்பது நன்று. விடுமுறையின் கடைசி நாளில் ஆயாவை வரச்சொல்லி, மறுநாட்காலை பஸ் ஏறுவது பெரும் பிழை.

குழந்தை தவழத் தொடங்கியபின் எமது கரையோரத்துக்கென்றே உரிய ஆபத்துகள் சில உள. கட்டுத் தாழ்ந்த கிணறும் வாசலுக்கு எட்டிய களப்பும் எல்லாரும் அறிந்தவை. இறாற்குளங்களைப் பலர் எண்ணுவதில்லை. 1980களில் இப்பகுதியில் பெருகிய இறால் வளர்ப்பு, 1996 இல் வெண்புள்ளி நோயினால் பெரும் நட்டத்துக்குள்ளாயிற்று. அதன்பின் கைவிடப்பட்டு வேலியின்றிக் கிடக்கும் குளங்களில் மாரியில் நீர் நிற்கும். வெளியூரிலிருந்து வரும் ஆயா இவற்றை அறியமாட்டார். அவரை அழைத்துக்கொண்டு வளவைச் சுற்றி ஒரு முறை நடந்து காட்டுக. சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கும் வழக்கத்தை அன்றே ஒழித்துவிடுக. குழந்தை அதைக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாது வைத்தியசாலைக்கு விரைய வேண்டும் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும்.

வயதைப் பற்றி ஒரு சொல். வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், கொழும்பில் ஒரு வீட்டில் பணிபுரிந்த டயகமத் தோட்டத்துச் சிறுமி தீக்காயங்களால் இறந்தது நாட்டையே உலுக்கியது. பிறப்புச் சான்றிதழைப் பாராது ஒருவரையும் ஏற்கலாகாது. சட்டம் எவ்வாறிருப்பினும், 18 வயது நிரம்பாத ஒரு பிள்ளையிடம் மற்றொரு பிள்ளையைத் தனியே விட்டுச் செல்வது தகாது என்பது எமது துணிபு.

முன்பு வேலை செய்த வீட்டில் விசாரிப்பது முறையே. பிரித்தானியர் 1871 இல் வீட்டுப் பணியாளரைப் பதியும் கட்டளைச் சட்டம் ஒன்றை இயற்றினர். பணியாளரின் நடத்தையை எசமான் எழுதிக் கொடுக்கும் ஏடு ஒன்றும் அதில் விதிக்கப்பட்டது. எசமானின் நடத்தையைப் பணியாளர் எழுதும் ஏட்டைப் பற்றி எவரும் சிந்தித்ததாகத் தெரியவில்லை! ஆகவே முந்திய வீட்டார் சொல்வதைக் கேட்பதோடு, அவ்வீட்டை விட்டு வந்த காரணத்தை ஆயாவின் வாயாலும் கேட்பது நியாயம்.

வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து திரும்பிய பெண்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் பலருளர். பிறர் பிள்ளைகளை வளர்த்துப் பழகிய அவர்களை, "வெளிநாடு போய் வந்தவள்" என்று ஒதுக்குவாரும் இருக்கின்றனர். பேதைமை! காய்ச்சலையும் புட்டிப்பாலையும் அறிந்த கைகளை ஒதுக்கிவிட்டு, ஒன்றுமறியாச் சிறுமியைத் தேடுவானேன்? சம்பளம் குறைவு என்பதனாலன்றோ?

இங்கே, ஆள் தேடுவோரில் அநேகர் கேட்க மறக்கும் கேள்வியொன்று எழுகின்றது. வருபவரும் ஒரு தாயாயின், அவரது பிள்ளையை யார் பார்க்கிறார்? ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்லலாகாது என 2013 இல் அரசாங்கம் விதித்தது. 2022 இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. சரியோ பிழையோ, ரியாத்துக்குப் போகும் தாயிடம் அரசாங்கம் அதைக் கேட்டது. முந்தலிலிருந்து சிலாபத்துக்கு வரும் தாயிடம் ஒருவரும் கேட்பதில்லை. எமது பழந்தமிழ் மரபில் தலைவியை வளர்க்கும் செவிலியின் மகளே தலைவிக்குத் தோழி என்கிறது தொல்காப்பியம். செவிலியின் பிள்ளை அவ்வீட்டிலேயே வளர்ந்தது. இன்றைய ஆயாவின் பிள்ளையோ எங்கிருக்கிறது என்பதே எமக்குத் தெரியாது.

இது இரக்கத்தின்பாற்பட்ட பேச்சு மட்டுமன்று. தன் பிள்ளை காய்ச்சலாய்க் கிடக்க, உம் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவரின் மனம் எங்கே இருக்கும்? வராத நாளுக்குச் சம்பளத்தை வெட்டினால் அவர் இருமலோடும் வருவார்; அவ்விருமல் உம் குழந்தைக்கும் வரும். ஆதலின் முதல் நாளிலேயே பேசி எழுதிக்கொள்க: அவரது பிள்ளையின் கிளினிக் நாளுக்கு விடுமுறை உண்டு, பாடசாலை விடும் வேளையில் தொலைபேசியில் ஒரு வார்த்தை பேசலாம், பாட்டிக்கு முடியாத நாளில் அப்பிள்ளையும் உடன் வரலாம், மாதச் சம்பளம் இன்ன திகதியில் கையில் கிடைக்கும். 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வீட்டுப் பணியாளரை நெடுங்காலம் தன் வரம்புக்குள் சேர்க்கவில்லை. எனவே அவர் பெயரில் தபாற்கந்தோரில் ஒரு சேமிப்புப் புத்தகம் தொடங்கி மாதந்தோறும் சிறுதொகை இட்டு வருவது இயன்றவர்க்கு அழகு.

அவரை உம் பிள்ளை எவ்வாறு அழைக்கும் என்பதும் சிறு விஷயமன்று. வீட்டு வழக்கப்படி அக்கா என்றோ ராத்தா என்றோ அழைக்கட்டும். பெயர் சொல்லி அழைக்கப் பழகிய பிள்ளை, அடுத்த ஆண்டு அவர் சொற்கேளாது கிணற்றடிக்கு ஓடும்.

விடுமுறையைப் பற்றிக் கடைசியாக. எமது கரையில் உடப்புத் திரௌபதை அம்மன் தீமிதியும் தலவில அன்னம்மாள் திருவிழாவும் நோன்புப் பெருநாளும் வெவ்வேறு வீடுகளுக்கு உரியன. உம் வீட்டில் பண்டிகை இல்லாத நாளில் ஆயாவின் வீட்டில் பண்டிகை இருக்கும். தலவிலத் திருவிழா ஆகஸ்ட்டில் வருகிறது. அவ்வாரம் குழந்தையோடு யார் இருப்பார் என்பதை ஜூலை மாதத்திலேயே அவரோடு அமர்ந்து பேசி, நாட்காட்டியில் குறித்து வைத்துவிடுக.